மேனேஜருக்கு யார் பிஸ்கட் கொடுத்தது?

பிப்ரவரி 6

அத்தைக்கு,

போன்ல பேசினா நான் கத்துறேன், நீங்க டக்குனு வச்சிடறீங்க. கேட்டா, "முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காதுல வாங்கினவ நான், போன்ல வீட்டு விஷயம் பேசமாட்டேன்"னு ஒரு பாட்டு. சரி, எழுதறேன். கடிதத்தை நடுவுல வைக்க முடியாது. கடைசிவரைக்கும் படிச்சுத்தான் ஆகணும்.

மேனேஜரைப் பத்தித்தான். நேத்து பூனை டாக்டர் எனக்கு போன் பண்ணாங்க. சர்க்கரை மறுபடி ஏறியிருக்காம். போன மாசம் நல்லா இறங்கிட்டு வந்தது, இப்ப திடீர்னு ஏறுதுன்னா ஊசியில தப்பில்ல, சாப்பாட்டுல ஏதோ நடக்குதுன்னு சொல்றாங்க. இந்தப் பூனைக்கு மருந்துல பாதி சாப்பாடுதான் அத்தை. டின்ல வர்ற இறைச்சி, இல்லன்னா உப்புப் போடாம வேகவச்ச கோழி. சோறு கூடாது, பால் கூடாது, ரொட்டி கூடாது. காலையில ஊசிக்கு முன்னாடி ஒரு வேளை, சாயங்காலம் ஊசிக்கு முன்னாடி ஒரு வேளை. இதை ஒழுங்கா பண்ணினா சில பூனைங்களுக்கு ஊசியே வேணாம்னு ஆயிடுமாம். நம்ம மேனேஜரும் அப்படி ஆகும்னு டாக்டர் நம்பினாங்க.

இந்த ஹாஸ்டல்ல ஒரு தொட்டிச்செடி வச்சாலே வார்டன் வந்து நிக்கிறா. அதனாலதான் அவனை உங்ககிட்ட விட்டேன். வேற யார்கிட்டயும் விட்டிருக்க மாட்டேன்.

கோவிக்காம சொல்லுங்க. அவனுக்கு யார் என்ன கொடுக்கறாங்க?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 11

மருமகளே,

படிச்சேன். கடைசிவரைக்கும் படிச்சேன். ரெண்டு தடவை.

உன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில எரிஞ்சுபோன கடையைச் சுத்திப் பார்த்துட்டு யார் கொளுத்தினதுன்னு கண்டுபிடிக்கிறது உன் வேலை. நல்லா பண்றே, புரமோஷன் கொடுத்து வேற ஊருக்கு அனுப்பினாங்க, சந்தோஷம். ஆனா என் வீடு எரிஞ்ச கடை இல்ல. மூக்கை நீட்டிக்கிட்டு மூலை மூலையா மோப்பம் பிடிக்க வேண்டாம்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழறவ நான். அப்படிப்பட்டவ உன் பூனையோட கழுத்துத் தோலைக் கிள்ளிப் பிடிச்சு தினம் ரெண்டு வேளை குத்தறேன். அதுவும் என்னைப் பார்த்து ஒரு முறை முறைக்கும் பாரு, பேருலேயே மேனேஜர், ஆபீஸ்ல லேட்டா வந்தவளைப் பார்க்கிற மாதிரி. டின்னைத் திறந்தா அந்த நாத்தத்துல எனக்கே சாப்பாடு இறங்கறதில்ல. இதெல்லாம் பண்ணிட்டு, யார் என்ன கொடுக்கறாங்கன்னு கேள்வி வேற.

மாடிவீட்டுக்காரி ஏதாவது போட்டிருப்பா. அவளுக்குத்தான் எதையும் கீழே கொட்ட மனசு வராது. இதுவும் பகல் வேளையில கொல்லைக் கதவுகிட்ட போய் தவம் கிடக்குது, நான் கூப்பிட்டாலும் திரும்பறதில்ல. அங்கேதான் அவ எதையோ போடறா போல.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். என் பிள்ளை வேலை போனதைச் சொல்லாம, ஆறு மாசம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் போறேன்னு பார்க் பெஞ்சுல உட்கார்ந்துட்டு வந்தானே, அது உன் கண்ணுல படலை. பூனைக்கு ஏறின சர்க்கரை மட்டும் இவ்வளவு தூரத்துல இருந்து பட்டுடுச்சா?

அத்தை


பிப்ரவரி 18

அத்தை,

ஆமாம், படலை. ஊர்ல இருக்கிறவன் பொய்யெல்லாம் பிடிச்சேன், என் பக்கத்துல படுத்திருந்தவரோட பொய்யைப் பிடிக்கலை. அதை நீங்க ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. பிடிச்ச அன்னைக்கு நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை: "ஏன்?" செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே போனார், திரும்பி வரலை. ஒன்றரை வருஷம் ஆகப்போகுது. நான் அடிக்கலை, திட்டலை. நீங்களும் அந்த ரூம்லதான் நின்னீங்க.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணேன்னு உங்களுக்குத் தெரியும். அடையாளம் தெரியாத ஆள் யாராவது கிடைச்சா போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து எனக்கு போன் வரும். போய் துணியை விலக்கிப் பார்த்துட்டு, "இவர் இல்ல"ன்னு சொல்லிட்டு வெளியே வந்து படியில உட்காருவேன். இங்கே மாத்தி வந்தப்புறமும் வருது. போன மாசம்கூட ஒரு தடவை போனேன்.

போகட்டும். உங்க கடிதம் வந்ததும் மாடிவீட்டு அக்காவுக்கு போன் பண்ணேன். அவங்க புது வருஷத்துல இருந்தே மகள் வீட்டுல இருக்காங்களாம். மாடி பூட்டியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? தலைக்கு மேல இருக்கிற வீடு அத்தை.

கொல்லைக் கதவுகிட்ட அவன் ஏன் போய் உட்காரணும்? அவனுக்கு அந்தப் பக்கம் வெயில் பிடிக்காதே.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 24

மருமகளே,

மாமியார் சொன்னது நிஜமான்னு அக்கம்பக்கத்துல விசாரிக்கிற மருமகளை இப்பத்தான் பார்க்கறேன். எக்ஸ்சேஞ்சுல ஒட்டுக்கேட்டா வேலை போயிடும். உன் வேலையே அதுதான்னு ஆயிடுச்சு.

சரி, சொல்லிடறேன். நான்தான் கொடுத்தேன். பால். தினம் இல்ல, எப்பவாவது, கொஞ்சூண்டு. வத்தலாட்டம் ஆயிட்டுது, காலைச் சுத்திச் சுத்தி வருது, பார்த்துட்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? அந்தப் பக்கம் உட்காரறதுக்குக் காரணமும் அதுதான், அங்கேதான் கிண்ணம் வைப்பேன். மாடிவீட்டுக்காரி மேல பழி போட்டது தப்புதான். அவகிட்ட உளறி வைக்காதே.

இனிமே பால் கிடையாது. போதுமா? கேஸை மூடு.

போன மாசம் நீ போய்ப் பார்த்தது எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். நீ அப்படியெல்லாம் இனிமே போகாதே அம்மாடி. உடம்புக்கு ஆகாது.

அத்தை


மார்ச் 5

அத்தைக்கு,

கேஸை மூட முடியலை.

போன வாரம் மேனேஜர் வாந்தி எடுத்ததுன்னு நீங்க டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனீங்க இல்ல? அங்கே மேஜை மேலயும் ஒரு தடவை எடுத்திருக்கான். டாக்டர் பார்த்திருக்காங்க. பால் இல்ல. பிஸ்கட். ஊறின பிஸ்கட். டீ வாசனைகூட வந்ததாம். அவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, "உங்க அத்தை டீ பார்ட்டி வைக்கறாங்க போல"ன்னு. நானும் சிரிச்சு வச்சேன்.

நீங்க டீ குடிக்கிறதில்ல. பிஸ்கட் உங்க பல் செட்டுல மாட்டிக்கும்னு தொடவே மாட்டீங்க. பாலை ஒத்துக்கிட்டீங்க, எதுக்கு? நான் கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றீங்க. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையா இருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம், பூனையோட ரத்தத்துல மறைக்க முடியாது அத்தை.

இன்னொண்ணும் கேட்டேன். வாரக் கடைசி கழிச்சு திங்கட்கிழமை ரத்தம் எடுத்தா சர்க்கரை கம்மியா இருக்கு. வெள்ளிக்கிழமை எடுத்தா எகிறுது. ஞாயித்துக்கிழமை அக்கம்பக்கத்துல எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. மத்த நாள் தெரு காலியா இருக்கும். பகல்ல கொல்லை வழியா ஒருத்தர் வந்துட்டுப் போனா யாருக்கும் தெரியாது.

பிஸ்கட்டை டீயில முக்கி, பாதியைத் தான் தின்னுட்டு, மீதியை நாற்காலிக்குக் கீழே நீட்டற ஆள் உலகத்துல ஒருத்தர்தான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சண்டை போட்டிருக்கேன் அதுக்கு.

எனக்குக் கோபம் இல்ல. சத்தியமா இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர் உயிரோட இருக்காரா?

டாக்டர் ஊசியோட அளவைக் கூட்டச் சொல்லிட்டாங்க. இந்தச் சர்க்கரைக்கு பழைய அளவு பத்தாதாம்.

உங்கள் மருமகள்


மார்ச் 11

மருமகளே,

யாரும் வரலை. உனக்கு வேலை அதிகமாகி மூளை சூடாயிடுச்சு. லீவு போட்டு நல்லா தூங்கு.

ஊசி கூட்டியாச்சு. டாக்டர் சொன்ன அளவுதான். பிஸ்கட் இனிமே யாரும் கொடுக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. இதுக்கு மேல இதைப் பத்தி எழுதாதே.

அத்தை


மார்ச் 16

அத்தை,

"யாரும் வரலை. இனிமே யாரும் கொடுக்க மாட்டாங்க." ரெண்டு வரியையும் அடுத்தடுத்து வச்சுப் படிச்சுப் பாருங்க. வராதவங்க கொடுக்கறதை எப்படி நிறுத்துவீங்க?

அவர் போன அன்னைக்கு ராத்திரி என் தலையில கை வச்சு நீங்க சொன்னீங்க: "அவன் வந்தா முதல் சேதி உனக்குத்தான்." நான் அதை நம்பித்தான் அந்த வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தேன்.

அடுத்த மாசம் எனக்கு லீவு இருக்கு. எந்த நாள் வருவேன்னு சொல்லமாட்டேன். முன்வாசல் வழியா வரமாட்டேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 24

அம்மாடி,

நீ வரவேண்டாம். வந்தாலும் கொல்லையில நிக்க வேண்டாம். அங்கே யாரும் இல்ல. இந்தத் தடவை நிஜமாவே இல்ல.

முதல்ல பூனையைச் சொல்லிடறேன். பிழைச்சுக்கிச்சு. பயப்படாதே.

முந்தாநாள் காலையில ஊசி போட்டுட்டு துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தா மேனேஜர் கூடத்துல குடிகாரனாட்டம் நடக்குது. பின்னங்கால் பின்னுது. நாலு அடி வச்சுட்டு அப்படியே சாஞ்சு விழுந்து இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. வாயெல்லாம் நுரை. எனக்கு உயிரே போயிடுச்சு. டாக்டருக்கு போன் பண்ணேன். ஆமாம், நான்தான், போன்ல, கத்திக்கிட்டு. "சர்க்கரை இறங்கிப்போச்சு, சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு ஈறுல தடவுங்க, உள்ளே ஊத்தாதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க"ன்னா. தடவினேன். என் கையைக் கடிச்சுது. கடிக்கட்டும்னு தடவிக்கிட்டே இருந்தேன். இத்தனை மாசமா எதைக் கண்ணுல காட்டக் கூடாதுன்னு நீ சொன்னியோ, அதைத் தடவித்தான் உயிரைப் பிடிச்சு நிறுத்தினேன்.

அங்கே போனதும் டாக்டர் கேட்டா, "அம்மா, சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா? முன்னாடி கொடுத்துட்டு இருந்தது எதையாவது நிறுத்தினீங்களா? அப்படி நிறுத்தினா ஊசியைக் குறைக்கணுமே." நான் பூனையோட வாயைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். நிறுத்தினேன்னு சொன்னா, அந்த பிஸ்கட்டான்னு கேப்பா. ஆமான்னு சொன்னா, கொடுத்தது யாருன்னு கேப்பா. இந்தப் பயத்துலதான் போன வாரமே அவகிட்ட சொல்லாம இருந்தேன். பிஸ்கட்டுக்காகக் கூட்டின ஊசியை, பிஸ்கட் இல்லாத வயித்துக்குக் குத்திக்கிட்டு இருந்திருக்கேன். பாவி நான்.

இப்போ உனக்குச் சொல்லணும்.

உயிரோட இருக்கான்.

போன மழைக்காலத்துல ஒரு மத்தியானம் கொல்லைக் கதவைத் தட்டினான். நான் திறந்தேன். கை கால் கழுவிட்டு அவன் நாற்காலியில வந்து உட்கார்ந்தான், ஆபீஸ்ல இருந்து வந்தவனாட்டம். எங்கடா இருந்தேன்னு நான் கேக்கலை. டீ போட்டேன். பிஸ்கட் வாங்கி வச்சேன். குடிச்சான், பூனைக்கு ஒரு துண்டு கொடுத்தான், எழுந்து போனான். அப்புறம் எப்பவாவது வருவான், பொங்கல் கழிச்சுத்தான் அடிக்கடி வர ஆரம்பிச்சான். எங்கே தங்கறான், என்ன சாப்பிடறான், எதுவும் கேக்கலை. உனக்குச் சொல்லணும்னு தினமும் நினைப்பேன், சத்தியம் பண்ணினது எனக்கு மறக்கலை. ஆனா நீ கேட்டே, போயிட்டான். நான் கேக்கலை, வந்தான். எனக்கு அது போதும்னு இருந்துட்டேன். பெத்தவ புத்தி அவ்வளவுதான்.

நீ மோப்பம் பிடிச்சு எழுதினப்புறம்தான் வாயைத் திறந்தேன். "பூனைக்குச் சர்க்கரைடா, பிஸ்கட் கொடுக்காதே"ன்னேன். நீட்டின கையை இழுத்துக்கிட்டான். "யார் சொன்னா?"ன்னான். "அவதான்"னு சொல்லிட்டேன். சொன்னதும் முகம் மாறிப்போச்சு. "நான் வர்றது அவளுக்குத் தெரியுமா?" ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை நான். டீ அப்படியே இருந்தது. எழுந்து போனவன்தான். நாள் ஆயிட்டுது, வரலை.

பூனையைக் காப்பாத்தச் சொன்னே. காப்பாத்தப் போய்த்தான் அவனைத் தொலைச்சேன். உன்மேல எனக்குக் கோபம். என்மேல அதைவிடக் கோபம்.

அத்தை


ஏப்ரல் 2

அத்தை,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழிச்சு எழுதறேன்.

மழைக்காலத்துல இருந்துன்னா, அதுக்கப்புறம் மட்டும் நான் எத்தனை பேரோட முகத்தைத் திறந்து பார்த்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் போறதுக்கு முன்னாடி சாப்பிடாம போவேன். அந்த நேரத்துல நீங்க டீ போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. போகாதே, உடம்புக்கு ஆகாதுன்னு எனக்கு எழுதினீங்களே, அந்தக் கையால ஒரு வரி, "தேடாதே"ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். உங்களை எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சா எழுதறேன்.

மேனேஜர் விஷயம். டாக்டர்கிட்ட இன்னைக்கே போங்க. பிஸ்கட் தினம் போச்சு, இப்ப நின்னுடுச்சுன்னு நேரா சொல்லுங்க. யார் கொடுத்ததுன்னு அவங்க கேக்க மாட்டாங்க. அவங்களுக்குப் பூனைதான் முக்கியம். நம்ம வீட்டுப் பொய்யெல்லாம் அந்தப் பூனை உடம்புல ஏறி இறங்கினது போதும். இனிமே அதுகிட்டயாவது உண்மையா இருப்போம்.

உயிரோட இருக்கார்னு தெரிஞ்சா போதும்னு இத்தனை நாள் நினைச்சேன். இப்போ தெரிஞ்சுடுச்சு. போதலை.

இன்னும் நீங்க எதையாவது மறைக்கறீங்களோன்னு இதை எழுதும்போதுகூடத் தோணுது. இந்தச் சந்தேகம் என்னை விட்டுப் போகாது போல.

இளைச்சிருக்காரா? தலை நரைச்சிருக்கா? சட்டை யார் துவைச்ச மாதிரி இருந்தது? நான் கேட்டதுக்குப் பதில் எழுதுங்க.

உங்கள் மருமகள்


ஜூன் 19

அம்மாடி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதுக்குக் காரணம், அவன் வந்துட்டா அந்தச் சேதியோட சேர்த்து எழுதலாம்னு இருந்தேன். வரலை. இனிமே காத்திருந்தா உனக்கு எழுதவே மாட்டேன்.

இளைச்சிருக்கான். காதுகிட்ட நரை. சட்டை அவனே துவைச்சதுதான், காலர்ல அழுக்கு போகலை, பட்டன் வேற நிறத்துல தைச்சிருந்தது. ஒரு பொம்பளை கை பட்ட சட்டை இல்ல. நீ கேட்டது அதுதானே? எனக்குத் தெரியும். அந்தச் சந்தேகம் வேண்டாம் உனக்கு.

என்மேல இருக்கிற சந்தேகத்தை வச்சுக்கோ. அது நியாயம்தான். லீவுக்கு வரேன்னு சொன்னியே, வா. எல்லாக் கதவையும் திறந்து பார். பீரோவைக்கூடத் திற. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

டாக்டர்கிட்ட அன்னைக்கே போய் எல்லாம் சொன்னேன். ஊசியைக் குறைச்சா. அப்புறம் இன்னும் குறைச்சா. டின்னும் கோழியும் தவிர ஒரு பருக்கை அது வாய்க்குள்ள போகலை. பகல்ல அந்த நாற்காலிகிட்ட போய் நின்னு மேலே பார்த்துக் கத்தும் முதல்ல. இப்போ அதையும் விட்டுடுச்சு.

நேத்து ரத்தம் எடுத்தா. பார்த்துட்டு, "இனிமே ஊசியே வேண்டாம்மா, சாப்பாடு மட்டும் போதும். ஆனா விட்டுடாதீங்க, அடிக்கடி கொண்டு வந்து காட்டுங்க"ன்னா. எனக்குக் கை கொடுத்தா. நாயைக் கூட்டிட்டு வந்திருந்த ஒருத்தர்கிட்ட, "இந்த அம்மாவைப் பாருங்க, எவ்வளவு கட்டுப்பாடு"ன்னு என்னைக் காட்டிச் சொன்னா. "வீட்டுல வேற யாராவது பாவம்னு எதையாவது போட்டுக் கெடுத்துடுவாங்க. உங்க வீட்டுல இப்போ அப்படி யாரும் இல்ல, அதுதான் சட்டுனு குணமாயிடுச்சு"ன்னா. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து மேனேஜரைக் கீழே விட்டுட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். பூனை நல்லா இருக்கும்மா. நீ கவலைப்படாதே. இந்த வீட்டுல இப்போ அதுக்குக் கெடுதல் பண்ண ஆளே இல்ல.

அத்தை